அரை மைல் வட்டத்துக்குள் ஒரு குடிசை

போன வாரம் எங்கள் வீட்டு ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்க ஓர் ஆள் வந்திருந்தார். கம்பி வலைச் சுருளைக் கூடத்தில் போட்டுப் பிரித்ததும், எண்ணெயும் இரும்பும் கலந்த ஒரு வாடை வந்தது. நான் கையில் காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். “என்ன அத்தை, கம்பி வலையை இப்படிப் பாக்கறீங்க?” என்று மருமகள் சிரித்தாள். மற்றவர்களுக்கெல்லாம் தாழம்பூ வாசனையிலும் மழைவாசனையிலும் இளமை திரும்பி வரும். எனக்கு வாய்த்தது கம்பி வலை. என்ன செய்வது, அவரவர் எழுத்து.

அந்த வாடையை நான் முதன்முதலில் முகர்ந்தது கொல்லிமலையில், ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பித் தோட்டத்துப் பங்களாவில். யுத்தத்துக்குச் சற்று முந்திய காலம். மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கவும் கட்டுப் போடவும் படித்து முடித்த கையோடு, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நர்ஸ் வேலை என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வயது இருபத்திரண்டு. உலகத்தைத் திருத்தியே தீருவது என்ற எண்ணம் மட்டும் பெட்டியைவிடக் கனமாக இருந்தது.

இன்றைக்கு நீங்கள் மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ்ஸில் உட்கார்ந்தால், வளைவுகளை எண்ணி முடிப்பதற்குள் மேலே போய்விடலாம். அன்று ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதை, அதுவும் செங்குத்து. என்னைத் தூக்க டோலி வந்திருந்தது. ஏறி உட்கார்ந்து பத்தடி போவதற்குள் கீழே பள்ளத்தைப் பார்த்துவிட்டு, இறக்கிவிடச் சொல்லி அலறினேன். மிச்ச தூரத்தை நடந்தே ஏறினேன். என் பெட்டிதான் டோலியில் ராஜாத்தி மாதிரி போனது. மேலே போய்ச் சேர்ந்தபோது கால் இரண்டும் வீங்கி, முதல் நோயாளியாக நானே படுத்துக்கொண்டேன்.

பங்களா ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. கதவு, ஜன்னல், வராந்தா எல்லாவற்றுக்கும் கம்பி வலை. அதோடு ஒரு சட்டமும் உண்டு. பங்களாவைச் சுற்றி அரை மைல் தூரத்துக்கு வட்டமாக வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய கற்களை நட்டு வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தபின் அந்தக் கற்களுக்கு உள்ளே இந்தியர் யாரும் தங்கக் கூடாது. சமையல்காரர் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கல்லுக்கு வெளியே வந்துவிட வேண்டும். குளிர்காய்ச்சல் கொசுவால் வருகிறது, கொசுவுக்கு எங்கள் ரத்தத்திலிருந்து வருகிறது, ஆகவே எங்களைத் தள்ளி வைத்தால் காய்ச்சலையும் தள்ளி வைத்ததாகிவிடும் என்பது துரையின் கணக்கு. ஏதோ டாக்டர் புத்தகத்தில் அப்படி எழுதியிருந்ததாம். டிஸ்பென்சரி வட்டத்துக்கு உள்ளே இருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் குடும்பத்துக்கும் எனக்கும் வீடு கல்லுக்கு வெளியே. சாயங்காலம் மணியடித்ததும் நாங்கள் எல்லோரும் கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுவோம்.

அந்த வலைக்குள்ளே துரைசாணி ஒருத்தி இருந்தாள். பாவம், நல்ல மனுஷி. அவளுக்கு ஒருநாளும் காய்ச்சல் வந்ததில்லை. ஆனால் பேச ஆளில்லாமல், வெளியே நடக்க அனுமதியில்லாமல் வெளிறிப்போய் இருந்தாள். துரை குதிரையேறி நாலு ஊர் சுற்றி வருவார். இவள் வலைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் போகும்போதும் வரும்போதும் கையை மட்டும் ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன். இரண்டு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

துரையைச் சொல்வானேன், எனக்கும் ஒரு வட்டம் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள இந்த வயதில் என்ன வெட்கம்? நான் அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண். மலைக்காரப் பெண்கள் மருந்துக்கு வந்தால் மாத்திரையை அவர்கள் கையில் படாமல் மேலேயிருந்து போடுவேன். தண்ணீர் கொடுக்கத் தனியாக ஒரு தகரக் குவளை. மூன்றாம் மாதம் எனக்கே குளிர்காய்ச்சல் கண்டது. போர்வை போர்வையாகப் போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டு நடுங்கியபோது, ரைட்டர் வீட்டம்மா வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே வந்தவள் பொன்னி.

பொன்னி காப்பிப் பழம் பறிக்க வரும் மலைக்காரப் பெண். பக்கத்துக் குக்கிராமம், திண்ணனூர் நாடு என்ற மலை வட்டாரத்தைச் சேர்ந்தது. என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவள். சாமைக் கஞ்சியில் மிளகைத் தட்டிப் போட்டுக் கொண்டுவந்து, என் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து ஊட்டினாள். “எந்த டம்ளர்ல ஊத்தட்டுங்க நர்சம்மா, உங்கூட்டுதா, எங்கூட்டுதா?” என்று கேட்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை. காய்ச்சலிலும் எனக்கு உறைத்தது. குணமானதும் அந்தத் தகரக் குவளையில் கொத்தமல்லி விதைத்துவிட்டேன்.

டிஸ்பென்சரியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. ஆண்கள் வந்தால் கரடி கீறியிருக்கும், அல்லது அரிவாள் பட்டிருக்கும். பெண்கள் வந்தால் காய்ச்சல். எப்போதும் காய்ச்சல். மண்ணீரல் வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சளாகி, கர்ப்பமாக இருந்தால் குறைமாதத்தில் போய்விடும். ஒரே ஊர், ஒரே கஞ்சி, அதே தண்ணீர். அப்புறம் ஏன் இப்படி?

பொன்னியோடு ஊருக்குப் போய்ப் பார்த்தபோது புரிந்தது. ராகியும் தினையும் கதிர் பிடித்தால் காட்டுப்பன்றி வரும். ஆண்கள் மேட்டு வயலில் உயரமாகப் பரண் கட்டி, காற்றில் படுத்துக் காவல் காப்பார்கள். பெண்களுக்கு மாதத்தில் ஐந்து நாள் விலக்கு. அந்த நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது. ஊருக்குக் கீழே, ஓடைக்கரைச் சேற்றில் ஓர் ஒதுக்குக் குடிசை உண்டு. அங்கே போய்விட வேண்டும். பிரசவமும் அங்கேதான். பெற்றவள் நாற்பது நாள் அங்கேயே கிடக்க வேண்டும். நான் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். பட்டப்பகலில் கொசு ரீங்காரம் காதை அடைத்தது. துரை எங்களை மேட்டிலிருந்து கீழே தள்ளியிருந்தார். ஊர் தன் பெண்களை இன்னும் கீழே, தண்ணீர் ஓரம் வரைக்கும் தள்ளியிருந்தது.

“ரெண்டு கொளந்தையும் இங்கதானுங்க குடுத்தேன்,” என்றாள் பொன்னி. ஓடை ஓரத்தில் இரண்டு சிறிய கல்லைக் காட்டினாள். முதல் பிள்ளை பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது உயிரோடு பிறக்கவில்லை. அதில் இவளே பிழைத்தது பெரிய காரியம். இப்போது மூன்றாவது, நாலு மாதம். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கீரை பறிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. இன்னொரு தடவை அந்தக் குடிசைக்குள் போனால் இவள் திரும்பி வரமாட்டாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. பெரிய காகிதத்தில் ஒரு வரைபடம் போட்டேன். பங்களா, வெள்ளைக்கல் வட்டம், ஓடை, ஊர், குடிசை எல்லாம் வரைந்து, காய்ச்சல் கண்ட ஆணுக்கு நீலமசிப் புள்ளி, பெண்ணுக்குச் சிவப்புமசிப் புள்ளி வைத்தேன். ஓடைக்கரையில் சிவப்பு அப்பிக் கிடந்தது. பிரசவத்துக்கு மட்டும் டிஸ்பென்சரியில் பெண்களைத் தங்க வைக்க உத்தரவு வேண்டும் என்று எழுதி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு போய்த் துரையிடம் நீட்டினேன்.

துரை வெகுநேரம் பார்த்தார். முதுகில் தட்டாத குறையாக என்னைப் பாராட்டினார். மறுநாள் உத்தரவு வந்தது. மலைக்காரப் பெண்கள் எல்லோரும் காய்ச்சல்காரிகள் என்று நர்ஸம்மாவின் படமே சொல்வதால், இனி அவர்கள் பழம் பறிக்க வெள்ளைக்கல்லுக்குள் வரக் கூடாது. வேலைக்கு வராதவர்களுக்குக் காய்ச்சல் மருந்தான கொய்னா மாத்திரையும் கிடையாது. நான் எதற்குப் படம் போட்டேன், அது எங்கே போய் விடிந்தது பாருங்கள். பெண்களைக் காப்பாற்றப் போய் வேலையையும் மருந்தையும் ஒரே நாளில் பிடுங்கிக் கொடுத்தேன்.

பத்து நாள் பொன்னி என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கடைசியில் நானே போய், அவள் தண்ணீர் சுமந்து வரும் பாதையில் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கப் போனவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? தீட்டாவது மண்ணாவது, வீட்டிலேயே பிள்ளை பெறு, வழக்கத்தை விட்டுத் தொலை என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவள் குடத்தை இறக்காமலே கேட்டாள்.

“நீங்க துரைகிட்ட, கல்லப் புடுங்குங்கன்னு சொல்லுவீங்களா?”

“அதெப்படி முடியும்?”

“அதே மாதிரிதானுங்க இதும். ஊட்டுல பெத்தா நாளைக்கு ஊர்ல ஒரு சனம் எங்கையில தண்ணி வாங்காது.” கொஞ்சம் யோசித்தாள். “தள்ளி இருக்கோணும்னுதானுங்க வழக்கம். பள்ளத்துல இருக்கோணும்னு ஆரு சொன்னா?”

மூன்று வருஷம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

பெண்கள் ஊர்க்கவுண்டரிடம் போய், ஓடைத் தண்ணீர் குடிசைக்குள் ஏறிவிட்டது, வேறு இடம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர் அந்தப் பேச்சை நீட்ட விரும்பாத மனிதர். கோயில் பாதையில் படக் கூடாது, வயலில் படக் கூடாது, மற்றபடி எங்கேயோ போங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படிப் பார்த்தால் ஒரே இடம்தான் மிஞ்சியது. ஊருக்கு மேலே, எப்போதும் காற்று வீசும் ஒரு மொட்டைப் பாறை. கொசு அங்கே நிற்கவே முடியாது. ஒரே ஒரு சங்கடம். அந்தப் பாறை வெள்ளைக்கல் வட்டத்துக்கு உள்ளே இருந்தது, நாற்பதடிபோல.

“துரை பிரிச்சுப் போடச் சொல்லுவார் பொன்னி,” என்றேன்.

“சொல்லட்டுமுங்க,” என்றாள்.

அப்போது அவளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. பெண்கள் மட்டும் இருபது பேர் சேர்ந்து, மூங்கிலும் கூரை வேயப் போதைப்புல்லும் சுமந்து, விடிந்து ஆரம்பித்து மாலைக்குள் குடிசையைக் கட்டி முடித்தார்கள். நானும் புல் சுமந்தேன். இரண்டே கட்டு. கையெல்லாம் அறுத்துக்கொண்டு அதற்கே படுத்துவிட்டேன். அன்றே விலக்கான இரண்டு பெண்கள் அங்கே குடியேறினார்கள்.

மறுநாள் காலை துரை தூரதிருஷ்டிக் கண்ணாடியில் புகையைப் பார்த்துவிட்டார். தன் வட்டத்துக்குள் ஒரு புல்குடிசை! தோட்டத்துக் காவல்காரனைக் கூப்பிட்டு உடனே பிரித்துப் போடச் சொன்னார். அந்தக் காவல்காரன் சின்னான், பொன்னியின் புருஷன். சின்னான் மலையில் யாரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அது பொம்பளைங்க தீட்டுக் குடுசைங்க தொரை. ஆம்பள இருபது தப்படிக்குள்ள போவப்படாதுங்க. போனன்னா என்னையும் ஊரு தள்ளி வெச்சுருமுங்க. அப்பறம் தோட்டத்துக்குக் காவலுக்கும் வர முடியாதுங்க.”

துரை மற்ற ஆட்களைக் கூப்பிட்டார். எல்லோரும் மலைக்காரர்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் சமவெளிக்காரர், ஆசாரத்தில் அவர்களுக்கு ஒரு படி மேல். பூணூலைத் தொட்டுக்கொண்டு நாலடி பின்னால் போனார். மிஞ்சியது துரை ஒருவர்தான். சிவந்த முகத்தோடு அவரே அந்தப் பாறையில் ஏறினார். குடிசையிலிருந்த பெண்கள் எழுந்து வெளியே வந்து சும்மா நின்றார்கள். இந்தியர் தங்கும் குடிசைப் பக்கம் ஐரோப்பியர் போகக் கூடாது என்பதும் அவருடைய அதே டாக்டர் புத்தகத்தில் இருக்கிறதே! அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு திரும்பி இறங்கினார்.

எனக்கு அப்போதுதான் பொன்னியின் “சொல்லட்டுமுங்க” விளங்கியது. அவர்களைத் தள்ளி வைத்த இரண்டு வேலிகளும் அன்று அவர்களுக்குக் காவல் நின்றன.

“இது எத்தனை நாளைக்கு?” என்று துரை என்னைக் கேட்டார்.

“தீட்டு முடிகிற வரைக்கும் துரை,” என்றேன். ஒருத்திக்கு முடிந்தால் இன்னொருத்திக்கு ஆரம்பிக்கும் என்பதை நான் ஏன் சொல்ல வேண்டும்? வாரம் ஒருமுறை கேட்பார். வாரம் ஒருமுறை அதையே சொல்வேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

பொன்னிக்கு வலி எடுத்தது ஒரு காலைப்பொழுதில். நான் பையைத் தூக்கிக்கொண்டு குடிசைக்குள் போய்விட்டேன். உள்ளே போனால் எனக்கும் தீட்டு, மூன்று நாள் வெளியே வரக் கூடாது. அதனால் துரையின் சட்டத்தை மீறி வட்டத்துக்குள் மூன்று இரவு தங்கினேன் என்ற பெருமை எனக்கு உண்டு. காற்று புல்கூரையைப் பிய்த்தெறிவதுபோல் வீசியது. பொன்னி என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். ஒரு கட்டத்தில், “இதும் போயிருமாங்க?” என்று மட்டும் கேட்டாள். அதுவரைக்கும் அவள் பயந்து நான் பார்த்ததில்லை. உச்சிவெயில் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் வீரிட்டு அழுதது. நானும் கூடவே அழுதேன். நர்ஸ் அழக் கூடாது என்று மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

வெளியே சரியாக இருபது தப்படி தூரத்தில் சின்னான் காலையிலிருந்து நின்றிருக்கிறான். “ஏனுங்க நர்சம்மா, என்ன கொளந்தைங்க?” என்று கத்தினான்.

“பொண்ணு!”

“அவ?”

நான் பதில் சொல்வதற்குள் பொன்னியே உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “நா இருக்கேன். போயி கஞ்சி காச்சி அந்தக் கல்லு மேல வெய்யி!”

அவன் ஓடியதை மூங்கில் சந்து வழியாகப் பார்த்தேன். தலைப்பாகை விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினான்.

நாற்பது நாளும் பொன்னிக்குக் காய்ச்சல் வரவில்லை. குழந்தைக்குக் காத்தாயி என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஊருக்கே போய் வீடு வீடாக விசாரித்து மறுபடி ஒரு படம் போட்டேன். சிவப்புப் புள்ளிகள் பாதிகூட இல்லை. இந்தத் தடவை அதை யாரிடமும் காட்டவில்லை, மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அதன்பின் எனக்குக் கல்யாணமாகி மலையை விட்டு இறங்கினேன். சுதந்திரம் வந்தது, துரை போனார்.

பல வருஷம் கழித்துப் பஸ்ஸில் ஏறி அந்த ஊருக்குப் போனேன். பங்களா இருந்த மேட்டில் மரவள்ளி நட்டிருந்தார்கள். மொட்டைப் பாறையைக் காணோம், ரோட்டுக்காக வெடி வைத்து எடுத்துவிட்டார்களாம். ஒதுக்குக் குடிசை என்று ஒன்று மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சின்னானும் இல்லை. பொன்னி அதற்கு முந்தின வருஷம் போயிருந்தாள், காய்ச்சலால் அல்ல, மூப்பினால். காத்தாயி என்னை உட்கார வைத்து, காப்பி போட்டுக் கொடுத்தாள். அவளுடைய பெண்ணுக்கு நாமக்கல் ஆஸ்பத்திரியில் பிரசவமாகி, தாயும் பிள்ளையும் உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தார்கள். ஈரத் துணி வாசமும் பால் வாசமும் வீடெங்கும் அடித்தது. குழந்தையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுக் காத்தாயி கேட்டாள்.

“ஏனுங்கம்மா, என்னையப் பாறை மேல பெத்தேன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும். ஊடுதான் இருந்துச்சில்லீங்க? எதுக்கு அவ்வளவு தூரம் போச்சு?”

துரை, சட்டம், தீட்டு, இருபது தப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் மரியாதைக்காகத் தலையாட்டினாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றுமே புரியவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. “அதுக்கு ஊட்டுலயே பெத்திருக்கலாமில்லீங்க?” என்று மறுபடி கேட்டாள்.

இப்படிக் கேட்கும் காலம் வந்துவிட்டதே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தக் கேள்வியைக் காது குளிரக் கேட்கப் பொன்னி இல்லையே என்றுதான் இன்றுவரைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.